விபீஷணன் இறக்கி வைத்த பெருமாளைப் பார்க்க: கொழும்பிலிருந்து காவிரிக்கரைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காவிரிக்கரைக் கோயில்களுக்குப் போவதற்கு முந்தின வாரம் களனிக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருப்பவர்களுக்கு அரைநாள் வேலை. ரஜ மகா விகாரை வளவுக்குள் விபீஷணனுக்கு ஒரு தேவாலயம் இருக்கிறது. இராமன் கொடுத்த அரங்கநாதரை இலங்கைக்குக் கொண்டுவரப் புறப்பட்டவன் அவன். வழியில் சந்தியாவந்தனம் செய்வதற்காகக் காவிரிக்கரையில் சிலையை இறக்கி வைக்க வேண்டி வந்தது. திரும்பித் தூக்கப் பார்த்தால் பெருமாள் அசையவில்லை. வெறுங்கையோடு வந்தவன் இங்கே களனி கங்கைக்கரையில் தெய்வமாக இருக்கிறான். அவன் விட்டுவந்ததைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

காவிரி குடகுமலையில் தலைக்காவிரியில் பிறந்து சுமார் 800 கிலோமீற்றர் ஓடிப் பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. முழு ஆற்றையும் பார்க்க ஒரு மாதம் வேண்டும். இந்த வழிகாட்டி அதன் கடைசிப் பகுதிக்கு மட்டும்: திருச்சியிலிருந்து கடல்வரை, ஏழு நாள். அந்தத் துண்டே போதும் போதும் என்றாகிவிடும். தேவாரம் பாடல்பெற்ற தலங்களைப் பிரிக்கும்போது காவிரி வடகரையில் 63, தென்கரையில் 127 என்று கணக்குச் சொல்வார்கள். ஈழநாட்டுக்கு அந்தக் கணக்கில் கிடைத்தவை கோணேஸ்வரமும் கேதீஸ்வரமும்.

ஆகவே எல்லாவற்றையும் பார்க்கும் ஆசையை விமானநிலையத்திலேயே விட்டுவிடுங்கள். கொழும்பிலிருந்து போகும் பல குழுக்கள் நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் இரண்டு நாளில் ஓடி முடித்து, வேளாங்கண்ணியையும் தொட்டுவிட்டு வருகின்றன. நானும் ஒருமுறை அப்படிப் போனேன். ஆறாவது கோயிலில் நிற்கும்போது அது எந்தக் கிரகத்துக்கு உரியது என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்க வேண்டியிருந்தது. அடுத்தமுறை தண்ணீர் போகிற திசையிலேயே போனேன். கீழே எழுதியிருப்பது அந்த வழி.

எப்போது போவது

இதைத்தான் யாரும் முதலில் சொல்வதில்லை. என் முதல் பயணம் மே மாதம், அம்மாவோடு. அம்மா எழுபதுகளில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேஸ்வரம் வழியாக வந்து காவிரியில் குளித்தவர். ஐம்பது வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தவரை ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனால், எதிரே மணல். அக்கரைவரை மணல். நடுவில் பையன்கள் கிரிக்கெட் விளையாடினார்கள். குழாயில் தண்ணீர் பிடித்துத் தலையில் தெளித்துக்கொண்டு திரும்பினோம். அம்மா அன்று முழுக்க அதிகம் கதைக்கவில்லை.

காவிரியில் தண்ணீர் மழையை மட்டும் நம்பி வருவதல்ல, மேட்டூர் அணையைத் திறந்தால் வரும். 1934-இல் கட்டி முடித்த அணை அது. ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். அணையில் இருப்புக் குறைந்த வருடங்களில் திறப்பு தள்ளிப்போகும். எனவே பெப்ரவரி முதல் ஜூன்வரை போனால் கோயில் இருக்கும், ஆறு இருக்காது. டிக்கெட் எடுக்கும் முன்பு மேட்டூர் திறந்தாயிற்றா என்று செய்தியில் பாருங்கள்.

ஆடிப்பெருக்கு ஓகஸ்ட் 2 அல்லது 3-இல் வரும். பெண்கள் படித்துறையில் காவிரிக்குக் காதோலை கருகமணி வைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் வயதானவர்களோடு போகிறவர்களுக்குக் கூட்டம் தாங்காது. ஆடி பதினெட்டு முடிந்த அடுத்த வாரம் போங்கள். தண்ணீர் அப்படியே இருக்கும், அறை வாடகை இறங்கியிருக்கும். இரண்டாவது நல்ல காலம் ஐப்பசி, அதற்குக் காரணம் மயிலாடுதுறையில் வரும். அப்போது வடகிழக்குப் பருவமழையும் சேரும் என்பதால் குடையும் கூடுதலாக ஒருநாளும் கையில் இருக்கட்டும்.

புறப்படும் முன்பு

இந்திய இ-விசாவை வீட்டிலிருந்தே இணையத்தில் எடுக்கலாம். அரசின் தளத்தைப் போலவே தோற்றம் காட்டும் இடைத்தரகர் தளங்கள் ஏராளம். இரண்டு மூன்று மடங்கு பணம் வாங்குவார்கள். முகவரி இந்திய அரசுடையதுதானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம், ஒரு மணிநேரப் பயணம். சாப்பாட்டுத் தட்டை எடுத்துச் செல்வதற்குள் தரை தெரியும்.

பணத்தைப் பற்றி ஒன்று. அங்கே தேத்தண்ணிக் கடைக்காரர்கூட போனில்தான் காசு வாங்குகிறார். நம் வங்கிக் கணக்கு அதில் வேலை செய்யாது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு ரூபாயை நீட்டினால் ஆட்டோக்காரரிடம் சில்லறை இருக்காது, உங்களிடமும் இருக்காது.

ஆண்களுக்கு வேட்டி இரண்டு போதும். கோயிலுக்குள் மேலாடையைக் கழற்றிப் பழகிய நமக்கு அங்கே பலரும் சட்டையோடு நிற்பது விசித்திரமாக இருக்கும். கழற்றினாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. நேரம்தான் முக்கியம்: பெரும்பாலான கோயில்கள் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி மாலை நான்குக்குத்தான் திறக்கும். இந்த மூன்றரை மணிநேரத்தைச் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் ஒதுக்கினால் நாள் ஒழுங்காக ஓடும். மறந்தால் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

முதல் இரண்டு நாள்: தீவுக்குள்

தங்குவதற்கு ஸ்ரீரங்கத்தையே பாருங்கள், திருச்சி நகரம் வேண்டாம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு காவிரியாகவும் கொள்ளிடமாகவும் பிரிகிறது. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். முதல்நாள் மாலை அம்மா மண்டபத்துக்குப் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்து படுங்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் கோயில் வாசலில் இருக்க வேண்டும். ஏழு சுற்றுமதில், 21 கோபுரம். வெளிச் சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் இருப்பதால் கோயில் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. தெற்கு இராஜகோபுரம் பதின்மூன்று நிலை, 236 அடி. நாயக்கர் காலத்திலிருந்து மொட்டையாக நின்றதை 1987-இல்தான் முடித்தார்கள். அம்மா பார்த்துவைத்திருந்தது மொட்டைக்கோபுரம். புதியதைப் பார்த்து "இது வேற கோயில்" என்று வாதாடினார்.

மூலவரைப் பார்க்க வரிசையில் ஒன்றரை மணிநேரம் போகலாம், பார்ப்பது சில விநாடி. அதனால் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து உள்ளே போங்கள். பெருமாளின் தலை மேற்கே, பாதம் கிழக்கே, முகம் தெற்கே. விபீஷணன் அழுததைப் பார்த்து, உன் நாட்டைப் பார்த்தபடியே கிடப்பேன் என்றாராம். தொண்டரடிப்பொடியாழ்வார் அதைத் "தென்திசை இலங்கை நோக்கி" என்று பாடியிருக்கிறார். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மாமி எந்த ஊர் என்று கேட்டார். கொழும்பு என்றேன். "அப்போ உங்க ஊரைத்தான் பார்த்துண்டிருக்கார்" என்றார், அடுத்த வீட்டுச் செய்தி சொல்கிற மாதிரி.

வெளியே வரும் வழியில் இராமானுஜர் சந்நிதியையும், சேஷராயர் மண்டபத்தில் பாய்ந்து நிற்கும் கல்குதிரைகளையும் தவறவிட வேண்டாம். குதிரையின் காலடியில் புலியைக் குத்தும் வீரனின் முகத்தில் பயமும் தெரியும்.

பத்தரைக்கு ஸ்ரீரங்கத்தை விட்டால் பக்கத்திலுள்ள திருவானைக்காவில் உச்சிக்காலத்துக்குச் சரியாக நிற்கலாம். ஐம்பூதத் தலங்களில் இது நீர்த்தலம். லிங்கம் இருக்கும் இடத்தில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். ஆறு நிரம்பியிருக்கும் மாதங்களில் ஈரம் கூடும். ஒன்பது துளையுள்ள கல்சன்னல் வழியாகத்தான் சுவாமியைப் பார்க்க வேண்டும். நண்பகலில் அர்ச்சகர் அகிலாண்டேஸ்வரியின் சேலையை உடுத்து, கிரீடம் வைத்து, அம்மனாகவே நடந்து வந்து சிவனுக்குப் பூசை செய்வார், பிறகு கோபூசை. எந்த ஒளிபரப்பும் இதைச் சரியாகக் காட்டாது. முன்னால் மேளமும், நடுவில் நரைத்த மார்போடு சேலை கட்டிய ஒரு வயோதிபரும், வழிவிட்டுக் கைகூப்பும் சனமும். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

மாலையில் மலைக்கோட்டை. நானூறுக்கு மேற்பட்ட படி; முழங்கால் வலி இருப்பவர்கள் நடுவில் தாயுமானவர் சந்நிதியோடு நிறுத்திக்கொள்ளலாம். பிரசவத்துக்கு வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் மாட்டிக்கொள்ள, சிவன் தாயாக வந்து மகளைப் பார்த்துக்கொண்ட இடம். விபீஷணன் கதையை இங்கே இன்னொரு விதமாகச் சொல்வார்கள்: அவனிடம் சிலையை வாங்கித் தரையில் வைத்தது ஒரு சிறுவன், அந்தச் சிறுவன்தான் உச்சியில் இருக்கும் பிள்ளையார். துரத்தி வந்தவன் குட்டியது என்று நெற்றியில் ஒரு பள்ளம் காட்டுவார்கள். மேலேயிருந்து இரண்டு ஆறும் தீவும் கோபுரமும் ஒரே பார்வையில் விழும். கீழே இறங்கினால் துணிக்கடைகள். கொழும்புக்காரருக்கு இது ஆபத்தான இடம். இன்னும் ஐந்து நாள் பெட்டியை இழுக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்து நடையைக் கட்டுங்கள்.

மூன்றாம் நாள்: கல்லணையும் ஐந்து ஆறும்

இன்று வாகனம் வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து கல்லணைக்கு ஆற்றங்கரை வழியாகப் போகும் பாதை வாழைத்தோட்டமும் செங்கல் சூளையுமாக இருக்கும். கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் அணை: 329 மீற்றர் நீளம், 20 மீற்றர் அகலம், வளைந்து வளைந்து போகும் உடம்பு. மணலில் பெரிய கற்களைப் போட்டால் நீரோட்டம் அடிமணலை அரிக்க, கல் தானாகக் கீழே இறங்கி ஊன்றும். அதன்மேல் இன்னொரு கல், நடுவில் களிமண். 1830-களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் கொட்டன் இதை ஆராய்ந்து, மணல் போக்கிகள் சேர்த்து, முக்கொம்பில் மேலணை கட்டினார். அந்த மேலணையின் ஒன்பது மதகுகள் 2018 வெள்ளத்தில் அடித்துப்போயின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மதகுப் பாலத்தில் நடந்து பாருங்கள். இங்கே தண்ணீர் காவிரி, வெண்ணாறு, புதுஆறு என்று பிரிந்து வயலுக்குப் போகும், மிஞ்சியது கொள்ளிடத்தில் கடலுக்குப் போகும். நமக்கும் இதில் ஒரு கதை உண்டு. சோழன் இலங்கையிலிருந்து 12,000 பேரைச் சிறைபிடித்துக் காவிரிக்கரை வேலைக்குக் கொண்டுபோனான், இலங்கை மன்னன் கஜபாகு போய் மீட்டு வந்தான் என்பது சிங்களக் கதைமரபு. வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று பிரிப்பது என் வேலையில்லை. மதகின்மேல் நிற்கும்போது அது ஞாபகத்துக்கு வரும், அவ்வளவுதான்.

பகலுக்கு மேல் திருவையாறு. ஐயாறப்பர் கோயிலின் தெற்குப் பிரகாரத்தில் ஓரிடத்தில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டால் எதிரொலி பலமுறை திரும்பிவரும்; பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அங்கிருந்து கிளப்புவது கடினம். கயிலைக்கு நடந்து நடந்து தேய்ந்த அப்பர் கயிலைக்காட்சி கண்டது இங்கேதான். அப்புறம் ஆற்றங்கரையில் தியாகராஜர் சமாதி. அவர் 1847-இல் மறைந்தார். இப்போது நாம் பார்க்கும் கோயிலை 1920-களில் தம் சொந்தப் பணத்தில் எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றிருந்த காலத்தில் அந்த உரிமைக்காகப் போராடியவரும் அவர். சமாதிக்கு எதிரே கைகூப்பி உட்கார்ந்திருக்கும் சிலை அவருடையதுதான். சங்கீதப் பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்பும் கொழும்புப் பெற்றோர் அதைக் காட்டாமல் வரக்கூடாது. கடைத்தெருவில் அசோகா அல்வா வாங்குங்கள். பாசிப்பருப்பில் செய்வது, சூடாக இலையில் தருவார்கள்.

அங்கிருந்து தஞ்சாவூர் பதின்மூன்று கிலோமீற்றர். வழியில் பாலங்களை எண்ணிக்கொண்டு வாருங்கள்: காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. ஊருக்கு ஏன் ஐயாறு என்று பெயர் என்பது ஐந்தாவது பாலத்தில் புரியும்.

நான்காம் நாள்: தஞ்சாவூர்

பெரிய கோயில் காவிரிக்கரையில் இல்லை. ஆனால் அதைக் கட்டிய நெல் காவிரியுடையது. 1010-இல் முடிந்த கோயில், விமானம் 216 அடி. நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் மாலை ஐந்து மணிக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள், நன்றாக விழும்.

நீங்கள் பார்க்க வேண்டியது விமானத்தின் அடிப்பீடம். குனிந்து பார்த்தால் விரல்நீள எழுத்துகள் வரிவரியாகச் சுற்றிக்கொண்டு போகும். "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று இராஜராஜன் சொன்னது இங்கேதான் இருக்கிறது. "கொடுத்தன" என்று திருத்தாமல், பேசியபடியே. கோயிலில் ஆடிய நானூறு தளிப்பெண்டுகளின் பெயரும் எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பதும் இருக்கின்றன. ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருமானத்தையும் இந்தக் கோயிலுக்கு எழுதி வைத்திருக்கிறான். பொலன்னறுவைக்குச் சுற்றுலாப் போய் சோழர் கட்டிய வானவன் மாதேவி ஈச்சரத்தைப் பார்த்தவர்களுக்கு, அந்தச் சிறிய கற்கோயிலின் மூத்த உறவை இங்கே பார்ப்பதுபோல இருக்கும். பெருமைப்படுவதா, எங்கள் நெல்லையும் அள்ளிக்கொண்டு போனாயா என்று கேட்பதா என்பது உங்கள் விருப்பம்.

நடை சாத்திய பிறகு அரண்மனையும் சரசுவதி மகால் நூலகமும். மாலை இரயிலில் கும்பகோணம், ஒரு மணிநேரம். இந்த ரயில்பாதை தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று ஆற்றோடு கூடவே கீழே இறங்குவதால் இனி வாகனம் தேவைப்படும் இடம் குறைவு.

ஐந்தாம் நாள்: கும்பகோணத்தைச் சுற்றி

கும்பகோணத்துக்குள் இருக்கும் கோயில்களை அதிகாலையில் நடந்தே பார்க்கலாம். மகாமகக் குளம் 12 வருடத்துக்கு ஒருமுறை நிரம்பி வழியும். போன மகாமகம் 2016-இல், அடுத்தது 2028-இல். அதற்கு அறை தேடுகிறவர்கள் இப்போதே தேடினால்தான் உண்டு. டிகிரி காப்பியைப் பித்தளை டபராவில் குடித்துவிட்டு சுவாமிமலைக்கு ஓர் ஆட்டோ பிடியுங்கள்.

கோயிலுக்கு அறுபது படி, அறுபது தமிழ் வருடத்துக்கு. தகப்பன்சாமியைக் கும்பிட்ட பிறகு ஸ்தபதிகளின் பட்டறைக்குள் போக அனுமதி கேளுங்கள், அநேகமாகக் காட்டுவார்கள். தென்னோலை நறுக்கை மடித்து மடித்து அளவு எடுப்பார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலை அப்புவார்கள். முதல் பூச்சு மெழுகின் நகக்கீறலைக்கூடப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு இந்த ஆற்று வண்டலின் நைசு வேண்டும் என்றார் ஒரு பெரியவர், என் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துத் தேய்த்துக் காட்டி. முகப்பவுடர் போல இருந்தது. நிழலில் காயவைத்துச் சுட்டால் மெழுகு உருகி வெளியேறும், அந்த வெற்றிடத்தில் பஞ்சலோகம். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்பதால் ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். நம்மூர்க் கோயில்களுக்கும் இங்கிருந்து விக்கிரகங்கள் வருவதுண்டு. வாங்குவதாக இருந்தால், அது பழம்பொருள் அல்ல என்பதற்கு இந்தியத் தொல்லியல் துறையின் சான்றிதழையும் கேட்டுப் பெறுங்கள். இல்லாவிட்டால் விமானநிலையத்தில் சுவாமியை விட்டுவிட்டு வரவேண்டியிருக்கும். விபீஷணனுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்.

மாலை நான்குக்குத் தாராசுரம். இரண்டாம் இராஜராஜனின் 12-ஆம் நூற்றாண்டுக் கோயில், தஞ்சைக்குப் பக்கத்தில் வைத்தால் சிறியது, ஆனால் நான் மீண்டும் போக விரும்புவது இதற்குத்தான். கருவறைச் சுவரின் அடியில் நாயன்மார் கதைகள் ஒரு சாண் உயரச் சிற்பமாக ஓடுகின்றன. தரையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். முதலை விழுங்கிய பிள்ளை வெளியே வருவதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். யானைக்கும் எருதுக்கும் ஒரே தலை அமைத்த சிற்பமும் உண்டு. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள்.

திருவிடைமருதூருக்கும் நேரம் இருந்தால் போகலாம். கிழக்கு வாசலால் நுழைந்தவர்கள் அதே வாசலால் திரும்புவதில்லை. வரகுண பாண்டியனைப் பிடித்த பிரமகத்தி, அதாவது பிராமணனைக் கொன்ற பாவம், அங்கே காத்திருக்கிறதாம்.

ஆறாம் நாள்: மயிலாடுதுறை, பூம்புகார்

ஐப்பசியில் வரச் சொன்னதற்குக் காரணம் மயிலாடுதுறைத் துலாக்கட்டம். எல்லோரும் கழுவிய பாவத்தைச் சுமந்த கங்கை, அதைத் தீர்க்க ஐப்பசி மாதம் இங்கே வந்து காவிரியில் குளிக்கிறாள் என்பது நம்பிக்கை. மாதத்தின் கடைசிநாள் கடைமுழுக்கு. ஒரு முடவன் தவழ்ந்து தவழ்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது; அவனுக்காகச் சிவன் ஒருநாள் கூட்டிக் கொடுத்தார். அதனால் கார்த்திகை முதலாம் தேதி முடவன் முழுக்கு. விமானம் தாமதமாகி ஐப்பசியைத் தவறவிட்டவர்களுக்கும் அந்தநாள் பொருந்தும் என்று வைத்துக்கொள்ளலாம். படித்துறையின் கடைசிப் படிகளில் பாசி, பிடித்துக்கொண்டு இறங்குங்கள். மயூரநாதரையும் அபயாம்பிகையையும் கும்பிட்டுவிட்டு மதியத்துக்குமேல் பூம்புகார் பஸ்ஸில் ஏறுங்கள், இருபத்துநான்கு கிலோமீற்றர்.

பூம்புகாரில் பெரிய காட்சி எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஏழுநிலை மாடத்தோடு சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கிறது, கடலடியில் எடுத்தவை உள்ள அருங்காட்சியகம் இருக்கிறது. பல்லவனீச்சரத்தில் பழைய பௌத்த விகாரையின் செங்கல் அடித்தளம் கிடக்கிறது. அனுராதபுரம் பார்த்த கண்ணுக்கு அது உடனே பிடிபடும். மற்றபடி வெறும் கடற்கரை. காவிரி கடலில் சேரும் இடத்தைக் கேட்டுக்கேட்டுப் போனால், தெகிவளைக் கால்வாயைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு நீர் நிற்கும். வெள்ளமெல்லாம் கொள்ளிடத்தில் போய்விட, வயலெல்லாம் குடித்தது போக, மிச்சம் இவ்வளவுதான். அம்மா இரண்டாவது பயணத்தில் இங்கேதான் காலை நனைத்தார்.

இந்தத் துறைமுகத்தில்தான் ஈழத்து உணவு வந்து இறங்கியது என்று பட்டினப்பாலை சொல்கிறது. இங்கே பிறந்த கண்ணகிக்குச் சேரன் கோயில் எடுத்தபோது "கடல்சூழ் இலங்கைக் கயவாகு", அதாவது கஜபாகு, அங்கே இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அவன் கொண்டுவந்த சிலம்போடு சேர்த்துப் பேசப்படும் பத்தினி (சிங்களவர் கண்ணகியை அழைக்கும் பெயர்) தேவாலயம் நவகமுவையில் இருக்கிறது, கடுவெலைக்கு அப்பால், அதே களனி கங்கைப் பக்கம்.

ஏழாம் நாள் காலை மயிலாடுதுறையிலிருந்து திருச்சிக்கு ரயில். மூன்று மணிநேரத்துக்குக் குறையாமல் கணக்கில் வையுங்கள். விமானம் மாலையில் இருந்தால், துணிக்கடைக்கு இரண்டு மணிநேரம் மிஞ்சும். வீடு வந்த அடுத்த ஞாயிறு நவகமுவைக்கு ஒரு பஸ் எடுங்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டச்சம்பலும் விற்கும் கடை வழியில் இருந்தால் இறங்கிச் சாப்பிடலாம். ஏழுநாள் சாம்பாருக்குப் பிறகு நாக்கு அதைத்தான் கேட்கும்.